ராமேஸ்வரத்தில் முதல் நாள்: தனியாக வருபவருக்கு

ராமேஸ்வரம் கூட்டமாக வருபவர்களை வைத்துப் பழகிய ஊர். வேன் பிடித்து வரும் குடும்பங்கள், காசியில் தொடங்கிய யாத்திரையை முடிக்கக் கங்கைச் சொம்போடு வந்திறங்கும் வடநாட்டுக் குழுக்கள், தாய் தகப்பனுக்குத் திதி கொடுக்க உறவோடு வருபவர்கள் என்று இங்கே கால் வைப்பவர்களில் பெரும்பாலோர் நாலு பேராவது சேர்ந்துதான் வருகிறார்கள். அறைகளும் அதற்குத் தக்க மூன்று கட்டில், நாலு கட்டிலோடு இருக்கின்றன. ஆட்டோக்காரர் சொல்லும் தொகை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் தொகை. கோயிலில் தீர்த்தமாடும்போது மூன்று பேர் நனைவார்கள், ஒருவர் பைகளோடு உட்கார்ந்திருப்பார்.

தனியாக வருபவருக்கு அந்த நாலாவது ஆள் கிடையாது. பணப்பை, செல்பேசி, மாற்றுத்துணி, செருப்பு ஆகியவற்றை எங்கே வைப்பது என்பதைத் தீர்த்துவிட்டால் இந்த ஊரில் தனி ஆளுக்கு வேறு பெரிய சிக்கல் எதுவும் இல்லை. இந்த அத்தியாயத்தில் நாளைப் பிரித்திருப்பதே அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். பார்க்கச் சொல்வதும் இரண்டே இடங்கள்: காலையில் கோயில், பிற்பகலில் தனுஷ்கோடி. மற்றவை மறுநாளுக்கு.

முந்தைய நாள் பகலிலேயே வந்துவிடுங்கள்

சென்னையிலிருந்து இரவு ரயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பழைய ஆட்கள் இன்றும் ‘போட் மெயில்’ என்றே சொல்கிறார்கள். விடியுமுன் வந்து சேரும் ரயிலைப் பிடித்தால் பாலத்தை இருட்டில் கடந்துவிடுவீர்கள், தூக்கக் கலக்கத்தோடு கோயில் வரிசையில் நிற்பீர்கள். அதனால் மதுரை வரை எப்படியாவது வந்து, அங்கிருந்து பகலில் புறப்படுவது நல்லது. சுமார் 170 கி.மீ. தூரம், பேருந்தில் நாலு மணி நேரம் ஆகும். ராமநாதபுரம் தாண்டியதும் பனைகளும் உடைமரங்களுமாக நிலம் தட்டையாகிக்கொண்டே போகும். உச்சிப்புளி, மண்டபம், அதன்பின் கடல்.

பாம்பனில் கடலுக்கு மேல் கட்டிய பாலங்கள் மூன்று. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம். பழையது அந்நாளில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து கைகூப்பியதுபோல் மேலே எழும்பியது. ஆட்கள் கையால் சுழற்றித்தான் அதைத் திறந்தார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே படுக்கைவாட்டில் 17 மீட்டர் உயரத்துக்கு மேலேறும். பேருந்தில் வருபவர்களுக்குச் சாலைப் பாலத்தின் உயரத்திலிருந்து ரயில் பாலம் கீழே தெரியும். எந்தப் பக்க ஜன்னல் என்று மண்டபத்திலேயே நடத்துநரிடம் கேட்டு மாறி உட்கார்ந்துகொள்ளுங்கள். ரயிலில் வந்தால் இருபுறமும் கடல்தான். ஜன்னலைப் பற்றிய கவலை இல்லை. என்னைக் கேட்டால் வரும்போது பேருந்து, திரும்பும்போது ரயில்.

நாள் பார்ப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை, சிவராத்திரி ஆகிய நாட்களில் முதல்முறையாகத் தனியே வராதீர்கள். ஊர் கொள்ளாது. ஐயப்ப சீசனிலும் நெரிசல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் குறுக்கிடும். மாசி, பங்குனி நல்லது. சித்திரை வெயிலில் பிராகாரத்துக்கு வெளியே கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது தண்டனை.

அறைதான் உங்கள் லாக்கர்

கோயிலின் கிழக்கு வாசலிலிருந்தோ மேற்கு வாசலிலிருந்தோ ஐந்து நிமிட நடைக்குள் அறை எடுங்கள். தொலைவில் இதைவிட மலிவாக, கடல் பார்த்த அறை கிடைக்கும். குடும்பத்தோடு வரும்போது அங்கே தங்கலாம். தனி ஆளுக்கு அறையின் பயனே, காலையில் செல்பேசியையும் பணத்தையும் அங்கே பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பி, நனைந்தபின் நடந்தே திரும்பி உடை மாற்றிக்கொள்வதுதான். கோயிலுக்குள் செல்பேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் பொருள் வைக்கும் இடங்கள் உண்டு, ஆனால் ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளிவருகிற நாளில் செருப்பு கிழக்கே, நீங்கள் வடக்கே என்று ஆகிவிடும்.

தனி ஆள் என்றதும் சில லாட்ஜ்களில் அறை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். யாத்திரைத் தலங்கள் பலவற்றில் உள்ள தயக்கம் இது. வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை. வருமுன்பே போனில் பேசி, “ஒரு ஆள், இரண்டு ராத்திரி, ஆதார் கொண்டு வர்றேன்” என்று தெளிவாகச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். கோயில் தேவஸ்தானத்துக்கும் விடுதிகள் இருக்கின்றன. பெண்கள் தனியாக வந்தால் இரவு வரவேற்பறையில் ஆள் இருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பேருந்து நிலையம் கோயிலிலிருந்து சுமார் இரண்டு கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்கு டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் ஆட்டோக்காரர்கள் “அண்ணே, ஒரு ஆள்தானா? எல்லா இடமும் சுத்திக் காட்டிர்றேன்” என்பார்கள். அன்று மாலை அதற்குத் தலையாட்டாதீர்கள். அந்தச் சுற்றில் ராமர் பாதம், லட்சுமண தீர்த்தம், மிதக்கும் கல், வில்லூண்டி, கலாம் நினைவிடம், தனுஷ்கோடி எல்லாம் வரும். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் இறக்கிவிட்டு ஹாரன் அடிப்பார்கள். தனுஷ்கோடிக்குப் பத்து நிமிடம் போதாது.

விடியுமுன்: ஸ்படிக லிங்கம்

இங்கே மரபான வரிசை, கடலில் குளித்து, தீர்த்தமாடி, பிறகு சுவாமி தரிசனம். ஆனால் நாள் தொடங்குவது அதற்கும் முன்னால். கோயில் நடை திறந்ததும் அதிகாலை ஐந்து மணியளவில் ஸ்படிக லிங்க தரிசனம் நடக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. கட்டணச் சீட்டு உண்டு. தொகை மாறும், பலகையைப் பாருங்கள். நாலரைக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். அறையில் குளித்து, உலர்ந்த வேட்டியோ சேலையோ அணிந்து வரலாம். தனி ஆளுக்கு இந்த வரிசையில் ஓர் அனுகூலம் உண்டு: குடும்பத்தோடு வந்தவர்கள் பிள்ளைகளைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இடைவெளியில் நீங்கள் முன்னேறிவிடலாம்.

பின் அறைக்குத் திரும்பி, நனையும் உடைக்கு மாறிக் கிளம்புங்கள். கையில் இருக்கவேண்டியவை ஒரு துண்டு, பிளாஸ்டிக் உறையில் கொஞ்சம் சில்லறைப் பணம், அவ்வளவுதான். சாவியை வரவேற்பறையில் கொடுத்துவிடுங்கள். ஆண்கள் நாலு முழ வேட்டியைவிட அரைக்கால் சட்டைக்கு மேல் துண்டு கட்டிக்கொள்வது நடக்க வசதி. பெண்களுக்கு அடர்நிறப் பருத்திச் சுடிதார் நல்லது. மெல்லிய சேலை இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தாங்காது.

கடலும் கிணறும்

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் அக்னி தீர்த்தம். பெயர் அப்படியே தவிர அது கடல். பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் என்பதால் அலை அதிகம் இருக்காது. நீச்சல் தெரியாதவர்களும் இடுப்பளவு நீரில் மூழ்கி எழலாம். காலில் தட்டுப்படுவது பாதிக்கு மேல் யாரோ விட்டுப்போன துணிதான். பழைய துணியைக் கடலில் விடவேண்டும் என்று உங்களிடமும் சொல்வார்கள், விடாதீர்கள். கரையில் புரோகிதர்கள் சங்கல்பம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். வேண்டுமென்றால் பொருட்களும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் “வேண்டாம் சாமி” என்று ஒருமுறை சொல்லி நடையைக் கட்டிவிட வேண்டும். நின்று பேசினால் அரைமணி நேரம் போய்விடும்.

ஈரத்தோடு அப்படியே தீர்த்த வரிசைக்கு. இப்போதெல்லாம் பெரும்பாலும் வடக்குக் கோபுர வாசல் வழியாகத்தான் விடுகிறார்கள். எந்த வாசல் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தங்கள் 22. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடியும். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் கிணறுகள். கிணற்றுச் சுவரின்மேல் நிற்பவர் கயிற்று வாளியை வீசி, ஒரே சுண்டில் நீர் மொண்டு தலையில் ஊற்றுவார். இவர்களை யாத்திரைப் பணியாளர்கள் என்பார்கள். வரிசையாக நிற்கும் குழுவுக்கு ஒரு வாளி. ஓரத்தில் நிற்கும் தனி ஆளுக்குச் சமயத்தில் தெறிக்கும் துளிதான் கிடைக்கும். தனக்கென்று ஒருவரை அமர்த்திக்கொண்டால் வாளி நிறைய ஊற்றுவார், ஆனால் ஒற்றை ஆளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழுவைப் பார்த்து, “நானும் உங்களோட வரலாமா?” என்று கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். மறுப்பவர்கள் அரிது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் அந்தக் குடும்பத்து ஆள்.

ஒவ்வொரு கிணற்றிலும் உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாவில் வைத்துப் பாருங்கள். கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தும் நீர் உப்பாக இல்லை. மணல் தீவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கனமான கடல்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஆழம் போகாத கிணறு அந்தப் படலத்தை மட்டும் தொடும். தனுஷ்கோடியில் கடலோரத்து மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதும் இதே கணக்குத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கிணறுகளைப் பார்த்தால் அவற்றை வெட்டியவர்கள் மேல் மரியாதை கூடும்.

தரை எங்கும் ஈரக் கருங்கல். ஓடாதீர்கள். கோடி தீர்த்தம் முடிந்ததும் ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். உடை மாற்ற உள்ளேயே இடம் உண்டு. உங்களிடம் பை இல்லை என்பதால், வெளியே வந்து அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு மீண்டும் தரிசனத்துக்கு வாருங்கள். சீதை மணலால் பிடித்ததாகச் சொல்லும் ராமலிங்கமே மூலவர். அனுமன் கொண்டுவந்ததாகச் சொல்லும் விஸ்வலிங்கத்துக்குத்தான் முதல் பூஜை. தாமதமாக வந்த அனுமனுக்கு மனம் நோகக்கூடாதென்று ராமர் செய்த ஏற்பாடு என்பது தலபுராணம். நடை பகல் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும். எனவே காலை வேலைகளைப் பத்து, பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். பிராகாரத்தை இப்போது பார்க்க வேண்டாம், இரவில் பார்க்கலாம்.

கோயிலைச் சுற்றிச் சைவச் சாப்பாடுதான். மீன் வேண்டுமென்றால் பேருந்து நிலையப் பக்கம் போகவேண்டும். இங்கே விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறுகளில் விளைமீன், நண்டு, கணவாய், இறால் புதிதாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுதும் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டுமே வரும், விலையும் ஏறும். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயருங்கள். நாலு மணிக்கு எழுந்த உடம்பு கேட்கும்.

பிற்பகல்: தனுஷ்கோடி

பேருந்து நிலையத்திலிருந்து 3-ஆம் எண் டவுன் பஸ் தனுஷ்கோடிக்குப் போகிறது. சுமார் 20 கி.மீ. இரண்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். ஏறியதும் கேட்கவேண்டிய முதல் கேள்வி: “கடைசி பஸ் எத்தனை மணிக்கு அண்ணே?” மாலைக்குப் பிறகு அந்தப் பகுதியில் வெளியாட்களை இருக்க விடுவதில்லை, தெருவிளக்கும் தங்குமிடமும் இல்லை. தனி ஆள் அங்கே பேருந்தைத் தவறவிட்டால் கடைசியில் புறப்படும் காரில் இடம் கேட்டு நிற்கவேண்டியதுதான். தண்ணீர் பாட்டில், தொப்பி, கொஞ்சம் ரொக்கம் கையோடு இருக்கட்டும். நிழல் என்பது அறவே கிடையாது.

வழியில் இடப்புறமும் வலப்புறமும் கடல் நெருங்கிக்கொண்டே வரும். வடக்கே அமைதியாகக் கிடப்பதை ஊர்க்காரர்கள் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவில் ஓங்கி அடிப்பதை ஆண் கடல் என்பார்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிக் கிடக்கும் நீரில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். ஜனவரியில் வருபவர் அந்த இடத்தில் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது.

2017-க்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்பால் மணலில் வேன்தான். இப்போது நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. பலரும் நேரே முனைக்குப் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். நீங்கள் முதலில் பழைய ஊரில் இறங்குங்கள். இடிந்த தேவாலயம், ரயில் நிலையக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் சுவர்களைக் கிட்டத்தில் பார்த்தால் பவளக் கற்களை அடுக்கிக் கட்டியிருப்பது தெரியும்.

இது ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குப் போகும் வாசல். 1914-லிருந்து சென்னை எழும்பூரில் ரயிலேறி, இங்கே இறங்கிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போவார்கள். ஒரே சீட்டில் முழுப் பயணம். போட் மெயில் என்ற பேர் வந்தது அப்படித்தான். ராமநாதபுரம் சீமையில் பிறந்த பலருக்கு முதலில் பார்த்த வெளிநாட்டு நகரம் கொழும்புதான். சிலர் சென்னையைப் பார்க்குமுன்பே அதைப் பார்த்தவர்கள். இந்த மணலில் சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டுமுன் அலையில் அடித்துப்போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் மிஞ்சவில்லை. ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. பாம்பன் பாலமும் உடைந்தது. அதை 46 நாளில் சீர்செய்தவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஈ. ஸ்ரீதரன்.

ஆனால் ஊர் காலியாக இல்லை. மீனவக் குடும்பங்கள் கொட்டகை போட்டு இருக்கிறார்கள், பொரித்த மீன் விற்கிறார்கள், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். ‘பேய் ஊர்’ என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டு முற்றத்தில் கேமராவோடு நடப்பது நாகரிகமில்லை. கொட்டகைக் கடையில் மீன் சாப்பிடுங்கள், எந்த மீன், என்ன விலை என்று கேட்டுவிட்டு.

பிறகு அரிச்சல்முனை. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. இடையில் மணல்திட்டுகள். இரண்டு கடலும் சேரும் இடம் என்பதால் நீரோட்டம் முரட்டுத்தனமானது. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். தனியாக இருப்பவர் அதையும் ஆட்கள் நிற்கும் இடத்திலேயே செய்யவேண்டும். செல்பேசிக்கு இலங்கை நெட்வொர்க்கிலிருந்து வரவேற்புச் செய்தி வருவதுண்டு. ரோமிங்கை முன்பே அணைத்து வையுங்கள்.

இரவு: உலர்ந்த உடம்போடு பிராகாரம்

ஆறரை, ஏழு மணிக்கு ஊருக்குத் திரும்பியிருப்பீர்கள். குளித்துவிட்டு, செல்பேசியை அறையில் வைத்துவிட்டு, மேற்குக் கோபுரம் வழியாக உள்ளே போங்கள். காலையில் நனைந்தபடி விரைந்து கடந்த அந்த மூன்றாம் பிராகாரம்தான் இந்தக் கோயிலின் பெரிய செல்வம். மொத்தம் 1212 தூண்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை. இதற்குப் பணமும் ஆளும் திரட்டிய சேதுபதிகள் ராமநாதபுரத்து மறவர் சீமையின் மன்னர்கள், சேதுவைக் காப்பதையே பட்டப்பெயராக வைத்துக்கொண்டவர்கள். மேற்கு வழி பிராகாரத்தோடு சேரும் இடத்துக்குச் சொக்கட்டான் மண்டபம் என்று பெயர். அங்கே நின்று இருபுறமும் பார்த்துவிட்டு, ஒரு முழுச் சுற்று நடங்கள். கூட்டம் வடிந்திருக்கும். இந்து அல்லாதவர்கள் சன்னதிக்குள் போக முடியாவிட்டாலும் பிராகாரத்தைப் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு நடை சாத்தும்.

வெளியே சங்குக் கடைகள் திறந்திருக்கும். சோழி, கிளிஞ்சல் மாலை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில வகைச் சங்குகளும் அந்தப் பட்டியலில் இருப்பதால் பெரிய சங்கு வாங்கினால் பில் கேட்டு வாங்குங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள். வலம்புரி என்று சொல்லி விற்பதை நம்பாதிருப்பது பணத்துக்கு நல்லது. ஊர் திரும்பும்போது கொடுக்க ஏதாவது வேண்டுமென்றால் கருப்பட்டியும் பனையோலைப் பெட்டியும் இந்தச் சீமையின் அசல் சரக்கு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குமேல் எழுந்தாலும் போதும். பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் பிறந்த வீடு நடந்து போகும் தூரம். 2015-இல் அவரை அடக்கம் செய்த பேய்க்கரும்பு நினைவிடம் பாம்பன் போகும் பிரதான சாலையிலேயே இருப்பதால், அறையைக் காலி செய்துவிட்டுப் போகும் வழியில் இறங்கிப் பார்க்கலாம். பாம்பனிலிருந்து பிரியும் பாதையில் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று மேல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி வரவேற்றதன் நினைவாக அங்கே மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மட்டும் ஆட்டோ பேசவேண்டும். ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி கட்டிய ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களுக்கு அரை நாள் தனியே ஒதுக்குங்கள். உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, ஏர்வாடி, தேவிபட்டினம் நாலுக்கும் ராமநாதபுரத்திலிருந்தே பேருந்து இருக்கிறது. அவற்றின் வழித்தடங்கள் அடுத்த அத்தியாயத்தில்.